மதநீரும் மனிதக் கோபமும்

தசராவுக்குப் பல வாரங்கள் முன்பே மைசூர் அரண்மனை வளாகத்துக்குக் காட்டு முகாம்களிலிருந்து யானைகள் வந்துவிடுகின்றன. வந்ததும் எடை மேடையில் ஏற்றி எடை பார்க்கிறார்கள். பாகனும் அவருக்குத் துணையான காவடியும் அதைவிடக் கவனமாகப் பார்ப்பது வேறொன்றை. ஆண் யானையின் கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் கசிவு இருக்கிறதா, அந்த இடம் உப்பியிருக்கிறதா, சிறுநீர் விடாமல் சொட்டுகிறதா என்று கண் வைத்திருப்பார்கள். அறிகுறி தெரிந்தால் அந்த யானையை ஊர்வலத்தில் சேர்ப்பதில்லை. மதம் ஏறிய ஆண் யானையின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் பல பத்து மடங்கு உயர்ந்துவிடும். நேற்றுவரை சொன்ன பேச்சைக் கேட்ட உயிர் இன்று பாகனையே திருப்பித் தாக்கும்.

மனிதனின் மூர்க்கமும் இப்படி உடலுக்குள் சுரந்து வருவதுதானா? வீட்டில் கை நீட்டுகிறவன், குடித்துவிட்டுக் கத்தி எடுக்கிறவன், சாலையில் வண்டி உரசியதற்கு ஆளை அடித்துப் போடுகிறவன், இவர்களின் ரத்தத்திலும் மூளையிலும் மரபணுவிலும் என்ன நடக்கிறது என்று நூறாண்டு காலமாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சியின் பெரும்பகுதியைப் படித்தபின் எனக்குத் தோன்றுவது இது: மூர்க்கத்துக்கு உடல் காரணங்கள் உண்டு, அதை மறுப்பதில் பயனில்லை. ஆனால் அந்தக் காரணங்களில் ஒன்றுகூடச் சுற்றுப்புறத்தின் கையைப் பிடிக்காமல் தனியாக வேலை செய்வதில்லை. ஆகவே கோபத்தைக் குறைக்கும் வழியும் பெரும்பாலும் அந்தக் கை இருக்கும் இடத்தில்தான் கிடைக்கிறது.

தசரா யானைகளிடமே இது தெரிகிறது. மதத்தின் அறிகுறி பார்ப்பதோடு அங்கே வேலை முடிவதில்லை. விஜயதசமியன்று பீரங்கி முழங்கும்போது மிரளக் கூடாது என்பதற்காக, அதற்கு முன்பே பல நாள் யானைகளையும் குதிரைகளையும் நிறுத்திவைத்து வெடிச் சத்தத்துக்குப் பழக்குகிறார்கள். முதல் நாள் காதை விரித்துப் பின்வாங்கிய யானை, சில நாளில் அசையாமல் நிற்கிறது. 750 கிலோ தங்க அம்பாரியைச் சுமக்கும் ஆண் யானையின் இரு பக்கமும் கும்கிப் பெண் யானைகள் நடக்கின்றன. தெரிந்த துணை அருகில் இருந்தால் ஆண் யானை அமைதியாக இருக்கும் என்பது பாகர்களின் பழைய அறிவு. அர்ஜுனா என்ற யானை 1996இல் ஒரு பாகனின் சாவுக்குக் காரணமானது. அதனால் பல ஆண்டுகள் அதற்கு அம்பாரி தரப்படவில்லை. அதே அர்ஜுனாதான் 2012 முதல் 2019 வரை எட்டு முறை, லட்சக்கணக்கான மக்களுக்கு நடுவே அம்பாரியைச் சுமந்தது. 2023 டிசம்பர் 4 அன்று ஹாசன் மாவட்டத்தில் காட்டு யானை பிடிக்கும் பணியில், ஒரு காட்டு ஆண் யானையோடு மோதி இறந்தது. ‘கொலைகார யானை’ என்று ஒருமுறை பெயர் வாங்கிய உடலுக்குள் இத்தனை வேறு வேறு நடத்தைக்கு இடம் இருந்திருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பர்க் சரணாலயத்தில் நடந்தது இதைவிடத் தெளிவான சான்று. க்ரூகர் பூங்காவில் பெரிய யானைகளைச் சுட்டுக் குறைத்தபோது அநாதையான குட்டிகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அவை மூத்த ஆண்கள் இல்லாமலே வளர்ந்தன. வயதுக்கு மிக முன்பே மதம் ஏறியது, ஏறிய மதம் நெடுநாள் இறங்கவில்லை. 1992 முதல் 1997 வரை 40க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களை அவை கொன்றன. 1998இல் க்ரூகரிலிருந்து ஆறு மூத்த ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டதும் இளசுகளின் மதக்காலம் சுருங்கியது, கொலைகள் நின்றன. ஊசியும் மருந்தும் இல்லாமல், பெரியவர்கள் வந்து நின்றதிலேயே ஹார்மோன் இறங்கியது.

மனிதரிடம் டெஸ்டோஸ்டிரோன் கதை இன்னும் வலுவிழக்கிறது. அந்த அளவுக்கும் அடிதடிக்கும் உள்ள தொடர்பு, பொதுமக்கள் நம்புவதைவிட மிகச் சிறியது. 2010இல் சூரிச்சில் பெண்களுக்கு அந்த ஹார்மோனைக் கொடுத்துப் பணம் பங்கிடும் விளையாட்டில் உட்கார வைத்தார்கள். ஹார்மோன் பெற்றவர்கள் எதிராளிக்குக் கூடுதல் நியாயமாகப் பங்கு கொடுத்தார்கள். ‘நமக்கு அந்த மருந்தைத்தான் கொடுத்திருக்கிறார்கள்’ என்று நம்பியவர்களோ, உண்மையில் எதைப் பெற்றிருந்தாலும், முரட்டுத்தனமாக நடந்துகொண்டார்கள். மதிப்பைக் காத்துக்கொள்ளத் தூண்டுவதே அந்த ஹார்மோனின் வேலை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் எதைச் செய்தால் மதிப்பு கிடைக்கும் என்று ஊர் வைத்திருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. கை ஓங்குகிறவனை ‘ஆம்பளை’ என்று கொண்டாடும் தெருவில் அது ஒரு விதமாகவும், வேறு தெருவில் வேறு விதமாகவும் வேலை செய்யும்.

மூளைக்குள் மூர்க்கத்துக்கென்று இடம் இருக்கிறதா என்ற தேடல் சூரிச்சின் வால்டர் ஹெஸ்ஸிடம் தொடங்கியது எனலாம். பூனையின் ஹைபோதலாமஸில் மின்கம்பி செருகி மின்சாரம் விட்டால் அது முதுகை வளைத்துச் சீறிப் பாய்வதை அவர் காட்டினார். 1949இல் நோபல் பரிசு பெற்றார். 2011இல் கலிபோர்னியாவில் டேவிட் ஆண்டர்சன் குழு எலியின் ஹைபோதலாமஸில் ஒரு சிறு நரம்பணுக் கூட்டத்தை ஒளி பாய்ச்சித் தூண்டியது. எலி எதிரில் வைத்த ரப்பர் கையுறையைக் கூடத் தாக்கியது. செய்தித்தாள்கள் அதோடு நின்றுவிட்டன. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: இணை சேர்ந்துகொண்டிருக்கும் எலியிடம் அதே தூண்டல் எளிதில் தாக்குதலை எழுப்பவில்லை. பொத்தான் இருப்பது உண்மை, ஆனால் அது எப்போதும் ஒரே மாதிரி அழுந்துவதில்லை.

மனிதரில் அமிக்டலா அபாயத்தை உணர்ந்து உசுப்புகிறது, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி பொறு என்று நிறுத்துகிறது. 1997இல் ஏட்ரியன் ரெய்ன், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட 41 பேரின் மூளையைப் படமெடுத்து, அவர்களின் முன்மூளையில் இயக்கம் குறைந்திருப்பதைக் காட்டினார். ஆனால் அவர்கள் எல்லோரும் மனநிலை சரியில்லை என்று நீதிமன்றத்தில் வாதாடியவர்கள். அவர்களை வைத்து ஊரில் உள்ள கோபக்காரர்களை எல்லாம் அளக்க முடியாது.

மூளையில் இடம் தெரிந்துவிட்டால் அங்கே கத்தி வைக்கலாமே என்ற எண்ணம் வராமல் இருக்குமா? வந்தது. அதில் நம் சென்னைக்கு உள்ள பங்கு தமிழ் வாசகர்களுக்கே அதிகம் தெரியாது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950இல் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் பி. ராமமூர்த்தி. அவரும் டாக்டர் வி. பாலசுப்பிரமணியமும், ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணர்களில் ஒருவரான டாக்டர் டி. எஸ். கனகாவும் 1960களிலிருந்து கட்டுக்கடங்காத மூர்க்கம் உள்ள நோயாளிகளுக்கு அமிக்டலாவிலும் ஹைபோதலாமஸிலும் ஊசிமுனை அளவில் திசுவை அழிக்கும் அறுவையைச் செய்தார்கள். ஜப்பானின் நராபயாஷி காட்டிய வழி அது. அமைதிப்படுத்தும் அறுவை என்ற பொருளில் பாலசுப்பிரமணியம் அதற்கு ஒரு பெயரும் வைத்தார். 1988இல் ராமமூர்த்தி வெளியிட்ட தொகுப்பில் 400க்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தார்கள். உலகிலேயே இவ்வகையில் மிகப் பெரிய தொகுப்புகளில் ஒன்று அது.

அந்த மருத்துவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களிடம் வந்தவர்களில் பலர் மூளைக்காய்ச்சலுக்குப் பின் புத்தி மந்தமானவர்கள், வலிப்பு நோயாளிகள், தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளும் பிள்ளைகள், பெற்றவளையே கடித்துக் குதறும் பிள்ளைகள். சங்கிலி போட்டுக் கட்டி வைப்பதைத் தவிர வேறு வழி தெரியாமல் தூக்கிக்கொண்டு வந்த குடும்பங்கள் அவை. மருந்துகளும் அப்போது குறைவு. ஆனாலும் இந்தக் கதையில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. பலன் கிடைத்ததா என்று மதிப்பிட்டவர்கள் அறுத்தவர்களும் வீட்டாரும்தான். பிள்ளை அடங்கிவிட்டது என்பதே வெற்றியின் அளவாக இருந்தது. அந்தப் பிள்ளை உள்ளுக்குள் எதை இழந்தது என்று சொல்ல அதற்கு வாய் இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் ஒப்புதலும் மனநல வாரியத்தின் அனுமதியும் இல்லாமல் மனநோய்க்காக மூளையில் அறுவை செய்யக் கூடாது என்கிறது. அதற்கு ஏழு ஆண்டு முன்பே, 2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருவரின் சம்மதமின்றி உண்மை கண்டறியும் மருந்தையோ மூளைப் பதிவுச் சோதனையையோ திணிக்க முடியாது என்று தீர்ப்பளித்திருந்தது. மனிதனின் மண்டைக்குள் அரசு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இந்த நாட்டில் இருக்கும் முக்கியமான வேலி அது.

மரபணுவுக்கு வருவோம். 1993இல் நெதர்லாந்தில் ஒரு குடும்பத்து ஆண்கள் சிலரிடம் திடீர் ஆவேசம் தலைமுறை தலைமுறையாக இருப்பதைக் கண்டு ஆராய்ந்தபோது, செரோடோனின் போன்ற மூளை வேதிப்பொருள்களைச் சிதைக்கும் ‘மாவோ-ஏ’ என்ற நொதியே அவர்களிடம் இல்லை என்று தெரிந்தது. அது மிக அரிதான குறை. ஆனால் அந்த நொதி குறைவாகச் சுரக்கும் மரபணு வகை ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் இருக்கிறது. ‘போர்வீர மரபணு’ என்று அதற்குப் பத்திரிகைகள் பெயர் சூட்டின. மூன்றில் ஒருவன் போர்வீரன் என்றால் ஊர் தாங்குமா? நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 1972-73இல் பிறந்த சுமார் ஆயிரம் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2002இல் இதற்கு விடை சொன்னது. குறைந்த நொதி வகை இருந்தும் அன்பாக வளர்க்கப்பட்ட பையன்கள் மற்றவர்களைப் போலவே இருந்தார்கள். அந்த வகையும் இருந்து, சிறு வயதில் அடி உதையும் பட்டவர்கள் மொத்த ஆண்களில் 12 சதவீதம்தான். ஆனால் வன்முறைக் குற்றத் தீர்ப்புகளில் 44 சதவீதம் அவர்கள் பெயரில் இருந்தது.

கர்நாடகத்தின் எண்களே இதைவிட எளிமையாக ஒரு பாடம் சொல்கின்றன. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கணவனின் வன்முறைக்கு எப்போதாவது ஆளானதாகச் சொன்ன மணமான பெண்கள் 2015-16இல் இந்த மாநிலத்தில் 20.6 சதவீதம். 2019-21இல் அது 44.4 சதவீதம், பெரிய மாநிலங்களிலேயே மிக அதிகம். நாட்டின் சராசரி 29.3. இந்த ஏற்றத்தில் ஒரு பகுதி பெண்கள் வாய் திறந்து சொல்லத் தொடங்கியதால் வந்திருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் நான்கைந்து ஆண்டில் ஒரு மாநிலத்து ஆண்களின் மரபணு மாறாது. அதே ஆய்வின் இன்னொரு எண்: அடிக்கடி குடித்துப் போதையாகும் கணவர்களின் மனைவியரில் 70 சதவீதம் பேர் உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். குடிக்காத கணவர்களின் மனைவியரில் அது 23 சதவீதம்.

மது முன்மூளைப் புறணியைத்தான் முதலில் மந்தமாக்குகிறது, பொறு என்று சொல்லும் குரலை அமுக்குகிறது. கர்நாடகம் 2007 ஜூலையில் சாராயத்தைத் தடை செய்தது. அந்த இடத்துக்கு மலிவு விலை பாக்கெட் சரக்கு வந்தது. கூலி வாங்கிய கையோடு வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போக முடிகிறது. மதுவை உடல்காரணம் என்பதா, சமூகக்காரணம் என்பதா? நடப்பது மூளைக்குள், ஆனால் அது மூளைக்குள் போகும் வழி அரசின் உரிமம் பெற்ற கடை. ஆக்ரோஷத்தைக் குறைப்பது பற்றிப் பேசும் அரசு இந்த ஒரு இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போவது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. தமிழ்நாட்டுக்கும் இது பொருந்தும்.

வெயிலும் ஈயமும் இதே வகையைச் சேர்ந்தவை. இந்தியா, பாகிஸ்தான், நேபாளத்தில் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பெண்களின் தகவலை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு, ஆண்டுச் சராசரி வெப்பம் ஒரு டிகிரி கூடினால் வீட்டு வன்முறை சுமார் 4.5 சதவீதம் கூடுவதாகக் கண்டது. ஈயம் குழந்தையின் முன்மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. அதனால் குற்றம் எவ்வளவு கூடுகிறது என்பதில் வாதம் தொடர்ந்தாலும், மூளை கெடுகிறது என்பதில் வாதம் இல்லை. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000இல் ஒழிந்தது. பழைய பேட்டரி உருக்கும் பட்டறை, சாயப்பூச்சு, கலப்பட மஞ்சள் வழியாக அது இன்னும் பிள்ளைகளின் ரத்தத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 2020இல் யூனிசெஃப் பங்கேற்ற அறிக்கை இந்தியாவில் சுமார் 27.5 கோடிப் பிள்ளைகள் பாதிக்கப்பட்டிருப்பதாக மதிப்பிட்டது.

கும்பல் வன்முறைக்கு இந்த விளக்கங்கள் எதுவும் போதாது. தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடச் சொன்ன காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை 1991 ஜூனில் வந்தது. டிசம்பர் 11 அன்று அது மத்திய அரசிதழில் வெளியானதும், பெங்களூரிலும் மைசூர் வட்டாரத்திலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. உயிர்கள் போயின. பல்லாயிரம் பேர் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்கு ஓடினார்கள், அந்த வட்டாரத்து நிலங்களில் தலைமுறைகளாகப் பாடுபட்ட உழவர்களும் அதில் உண்டு. கல் எடுத்த கைகளின் ரத்தத்தில் அந்த வாரம் மட்டும் ஹார்மோன் ஏறியிருக்க முடியாது. வதந்தி ஏறியிருந்தது, பேச்சு ஏறியிருந்தது, யாரும் தட்டிக் கேட்க மாட்டார்கள் என்ற துணிவு ஏறியிருந்தது. தாய்ப்பாசத்தின் ஹார்மோன் என்று புகழப்படும் ஆக்ஸிடோசின்கூடத் தன் கூட்டத்தார் மீதான பற்றைத்தான் கூட்டுகிறது என்று 2010இல் வந்த ஒரு டச்சு ஆய்வு சொன்னது. இந்த வகை வன்முறையை உயிரியலின் தலையில் போட்டுவிட்டு அதைத் தூண்டியவர்கள் தப்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் 1986இல் அறிவியலாளர்கள் கூடி செவில் அறிக்கையை வெளியிட்டார்கள். போர் நம் ரத்தத்திலேயே எழுதப்பட்டது என்று சொல்வது அறிவியலுக்குப் புறம்பு என்றது அது. நம் நாட்டுச் சமூக உளவியலாளர் அஷிஸ் நந்தியும் அதில் கையெழுத்திட்டவர். 1989இல் யுனெஸ்கோ அதை ஏற்றது.

சரி, குறைக்க என்ன வழி? மருந்து சிலருக்கு உதவுகிறது. திடீர் ஆவேச நோய் உள்ள 100 பேரிடம் ஃப்ளுவாக்ஸிடைனைச் சோதித்த 2009 ஆய்வில் மருந்து எடுத்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குக் கோபம் கணிசமாகத் தணிந்தது. நோய் என்று சொல்லத்தக்க அளவில் கோபம் உள்ளவர் மருத்துவரிடம் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சாப்பாட்டுக்கும் பங்கு உண்டு. இங்கிலாந்தின் அய்ல்ஸ்பரி இளைஞர் சிறையில் 231 பேரில் ஒரு பகுதியினருக்கு வைட்டமின், தாதுச்சத்து, கொழுப்பு அமில மாத்திரைகள் கொடுத்ததில், சிறை விதிமீறல்கள் மற்றவர்களைவிட 26 சதவீதம் குறைந்ததாக 2002இல் வெளியிட்டார்கள். யோகாவின் தலைநகரம் என்று பெயரெடுத்த மைசூரில் இருந்துகொண்டு இதையும் சொல்ல வேண்டும்: பிரிட்டனின் ஏழு சிறைகளில் பத்து வார யோகா வகுப்பை ஆராய்ந்த 2013 ஆய்வில், கைதிகளின் மனநிலையும் அவசரப்படாமல் தன்னை நிறுத்திக்கொள்ளும் திறனும் மேம்பட்டன. அடிதடி குறைந்ததா என்பதை அந்த ஆய்வு காட்டவில்லை. யோகா எல்லாவற்றையும் தீர்க்கும் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த வேறுபாட்டை மதிக்க வேண்டும்.

மைசூர் மத்திய சிறையில் நடந்த இன்னொரு முயற்சி என் மனத்துக்கு நெருக்கமானது. பி. வி. காரந்த் 1989இல் தொடங்கிய ரங்காயண நாடகக் குழுவைச் சேர்ந்த ஹுலுகப்பா கட்டிமனி, ஆயுள் கைதிகளை நடிகர்களாக்கி கிரீஷ் கர்னாடின் ‘தலெதண்ட’ போன்ற நாடகங்களை மேடையேற்றினார். கோபப்படும் பாத்திரத்தில் நடிக்கிறவன் அந்தக் கோபத்தை ஒத்திகையில் திரும்பத் திரும்ப எழுப்பி, குறித்த வசனத்தில் நிறுத்தி, எதிரில் நிற்பவனின் வசனத்துக்குக் காத்திருக்க வேண்டும். முன்மூளைக்கு இதைவிட நல்ல பயிற்சி எது? எண்களால் அளந்த ஆய்வு என்றால் லைபீரியாவின் மன்ரோவியாவைத்தான் காட்ட வேண்டும். அங்கே குற்றத்தில் ஈடுபட்ட 999 இளைஞர்களைக் கொண்டு நடந்த சோதனையில், சில வாரச் சிந்தனைப் பயிற்சியோடு 200 டாலர் பணமும் பெற்றவர்களிடம் பத்தாண்டு கழித்தும் குற்றமும் வன்முறையும் ஏறத்தாழப் பாதியாகவே இருந்தன.

ஆனால் இவை எல்லாம் வளர்ந்து முடிந்த மூளையோடு செய்யும் வேலைகள். மான்ட்ரியாலின் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பிறப்பு முதல் பின்தொடர்ந்து கண்டது, இந்தத் துறையையே புரட்டிப் போட வேண்டியது: மனிதன் வாழ்நாளில் அதிகமாக அடிப்பதும் கடிப்பதும் தள்ளுவதும் இரண்டு, மூன்று வயதில்தான். எந்த அங்கன்வாடியிலும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தெரியும். ஒரு பந்து, இரண்டு பிள்ளைகள். ஒன்று பிடுங்கும், மற்றது தலைமயிரைப் பிடித்து இழுக்கும். டீச்சர் வந்து பந்தை வாங்கி உருட்டிவிட்டு, ‘இப்போ அவன், அப்புறம் நீ’ என்று இரண்டையும் எதிரெதிரே உட்கார வைப்பார். பத்தாவது முறையில் பிள்ளை கையை நீட்டிக் காத்திருக்கும். அடிப்பதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, அடிக்காமல் இருப்பதைத்தான் பிள்ளை கற்கிறது. கற்கத் தவறுகிற சிறு பகுதியினர்தான் பின்னாளில் காவல்நிலையப் பதிவேட்டுக்குப் போகிறார்கள்.

அந்த வயதில் கைகொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. இந்திய வம்சாவளியினர் பெரும்பான்மையாக வாழும் மொரீஷியஸில், மூன்று முதல் ஐந்து வயது வரை நல்ல சாப்பாடும் ஓடியாடும் பயிற்சியும் விளையாட்டுக் கல்வியும் பெற்ற 100 பிள்ளைகள், 23 வயதில் மற்றவர்களைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவாகக் குற்றம் செய்திருந்தார்கள். மூன்று வயதில் மெலிந்திருந்த பிள்ளைகளுக்கே பலன் அதிகம் கிடைத்தது. ஜமைக்காவில் வளர்ச்சி குன்றிய ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகளின் வீடுகளுக்கு வாரந்தோறும் போய், தாயோடு சேர்ந்து விளையாடக் கற்றுக்கொடுத்தார்கள். 22 வயதில் அவர்கள் சண்டைகளில் குறைவாகவே ஈடுபட்டார்கள். மைசூரிலும் கருவிலிருந்தே தொடங்கும் ஆய்வு உண்டு. ஹோல்ட்ஸ்வர்த் மருத்துவமனையில் 1997-98இல் 800க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சேர்த்து, அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளை வளர வளரப் பரிசோதித்து வருகிறார்கள். பதின்வயதில் அந்நியர் முன் பேசவும் மனக்கணக்குப் போடவும் சொல்லி, உடல் எப்படிப் பதறுகிறது என்று அளந்தபோது, கர்ப்பகாலச் சர்க்கரை நோய் இருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம் ரத்த அழுத்தப் பதற்றம் கூடுதலாக இருந்தது. அந்த ஆய்வு கோபத்தை அளக்கவில்லை. ஆனால் நெருக்கடியில் உடல் எகிறும் அளவு வயிற்றிலேயே ஓரளவு தீர்மானமாகிறது என்பதை நம் ஊர்ப் பிள்ளைகளிடமே காட்டியது.

நாட்டின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 இடங்களில் தொடங்கியபோது, கர்நாடகத்தின் முதல் அங்கன்வாடிகள் மைசூர் மாவட்டத்தின் டி. நரசீபுராவில், காவிரியும் கபினியும் கூடும் இடத்தில்தான் திறந்தன. அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்றும் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அந்தத் திட்டத்திலிருந்து பெரும்பாலும் போவது வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துமாவுப் பொட்டலம்தான். ட்ரெம்ப்ளேயும் ஜமைக்காவும் சுட்டுகிற வயது அது. அந்த வீடுகளுக்கு வாரம் ஒருமுறை போய்த் தாயோடும் பிள்ளையோடும் ஒரு மணி நேரம் விளையாட, ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் இன்னொரு ஊழியரை, இப்போது டீச்சருக்கும் உதவியாளருக்கும் கொடுக்கும் மதிப்பூதியம் போலல்லாமல் முறையான சம்பளத்தில் நியமிக்க வேண்டும். டி. நரசீபுராவிலேயே அதை முதலில் செய்து பார்க்கலாம்.